சிற்றிலும் கோட்டையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிற் பிறந்த பிள்ளை மலையைக் காண விரும்பினால் தெற்கு நோக்கி நெடுந்தூரம் பயணஞ் செய்தல் வேண்டும். குடாநாட்டில் மலை இல்லை. ஆண்டு முழுதும் ஓடும் ஆறும் இல்லை. சுண்ணக்கற் பாறையின்மேற் படிந்த செம்மண், கரையோரத்து வெண்மணல், பனங்கூடல், கிணறு, கடனீரேரி ஆகியனவே இந்நிலத்தின் உறுப்புகள். மேசைப் பலகைபோற் பரந்து கிடக்கும் இந்நிலத்திலே, மனிதர் தம் கையாற் குவித்த பெருமேடு ஒன்று உண்டு. அதுவே யாழ்ப்பாணக் கோட்டை.

இயற்கை தராத மேட்டையும் பள்ளத்தையும் மனிதன் தானே ஆக்கிக்கொண்டதன் சான்று அக்கோட்டை. அவ்வாக்கத்துக்கு நேரெதிரான வேறொரு கலையும் உலகில் வளர்ந்து வந்திருக்கின்றது. அது நிலத்தைச் சிறிதாக்கி மேசைமேல் ஏற்றும் கலை. இன்று மேலைநாடுகளிற் கற்பனைப் போர்களையும் வீரக் கதைகளையும் மேசையில் ஆடுவோர் பலர். அவர்கள் தரை, சுவர், வாயில், படிக்கட்டு, குன்று, ஆற்றங்கரை என்று துண்டு துண்டாக வார்க்கப்பட்ட சிறு நிலங்களை விலைகொடுத்து வாங்குகின்றனர். ஒரு துண்டின் விளிம்பு மற்றொரு துண்டின் விளிம்போடு பொருந்தும். இன்று குகையாக அடுக்கியதை நாளை கோட்டையாக அடுக்கலாம். பிள்ளை விளையாட்டுப் போலத் தோன்றும் இவ்வணிகத்தின் பின்னே, அரசர்களும் படைத்தலைவர்களும் பொறியியலாளரும் நிறைந்த 300 ஆண்டு வரலாறு கிடக்கின்றது. அவ்வரலாற்றை விளங்கிக்கொள்வதற்கு யாழ்ப்பாணக் கோட்டையைவிட நல்ல தொடக்கம் கிடைப்பது அரிது.

போரையும் நிலத்தையும் சேர்த்து எண்ணும் பழக்கம் தமிழருக்குப் புதியதன்று. தொல்காப்பியத்துப் புறத்திணையியல் போர்ச்செயல்களை அகத்திணை நிலங்களோடு இணைத்துக் காட்டுகின்றது. பகைவர் கோட்டையை வளைத்துக் கொள்ளுதலாகிய உழிஞை, மருதத்தின் புறமாக வைக்கப்பட்டது. பின்வந்த புறப்பொருள் வெண்பாமாலை, மதிலைக் காத்து நிற்றலை நொச்சி எனத் தனியே பிரித்தது. திருக்குறளின் 75ஆம் அதிகாரம் அரண் என்பதே. நீரும் வெளிநிலமும் மலையும் காடும் அரணின் உறுப்புகளென்று அங்கே எண்ணப்படுகின்றன. நிலத்தை உறுப்புகளாகப் பிரித்து, அவற்றைச் சேர்த்து ஓர் அரணாகக் காணும் பார்வை அதிலேயே உண்டு.

ஆயினும் பாரத நாட்டிற் பிறந்து பாரசீகத்தின் வழியே உலகெங்கும் பரவிய சதுரங்கத்தில் நிலம் இல்லை. யானையும் குதிரையும் தேரும் காலாளும் உண்டு. அவை நிற்கும் களம் மட்டும் வெறுங் கட்டங்களே. குன்றின்மேல் நிற்பவனுக்குள்ள வலிமையும், சேற்றிற் புதைந்தவனுக்குள்ள துன்பமும் அங்கே புலப்படா. யாழ்ப்பாணத்துத் திண்ணைகளிற் கரிக்கட்டியாற் கோடு கீறிப் புளியங்கொட்டை கொண்டு ஆடிய நாயும் புலியும் என்னும் ஆட்டத்தில் கோடுகளே வழிகள். கோடு இல்லாத இடத்திற் புலியும் பாயாது. நிலம் ஆட்டத்துக்குள் நுழைவதற்குரிய வாயில் அங்கே சிறிது திறந்திருந்தது என்று கொள்ளலாம்.

யாழ்ப்பாண அரசு 1619இற் போர்த்துக்கேயர் வசமாயிற்று. சங்கிலி குமாரனை வென்ற பிலிப்பே டி ஒலிவேரா, ஆட்சியின் இருப்பிடத்தை நல்லூரிலிருந்து கடனீரேரிக் கரைக்கு மாற்றினான். அங்கே போர்த்துக்கேயர் நாற்கோணக் கோட்டை ஒன்றை எழுப்பினர். 1658இல் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் படைத்தலைவன் றைக்லொப் வன் கூன்ஸ், முதலில் மன்னாரையும் பின்னர் ஊர்காவற்றுறையின் கடற்கோட்டையையும் கைப்பற்றினான். கடற்கோட்டை நாற்புறமும் நீர் சூழ நின்றும் குடிநீர் இன்மையாற் பணிந்தது. யாழ்ப்பாணக் கோட்டை மூன்று திங்களுக்கு மேல் முற்றுகையிடப்பட்டது. உள்ளே அடைபட்டோரை உணவின்மையும் நோயும் வருத்தின. 1658 ஜூன் 22ஆம் நாள் கோட்டை பணிந்தது.

கடற்கோட்டைக்கு ஒல்லாந்தர் இட்ட பெயர் ஹம்மன்ஹீல் என்பது. பன்றித் தொடையிறைச்சியின் குதிப்பாகம் என்பது அதன் பொருள். இலங்கைத் தீவு முழுவதும் அவர்கள் கண்ணுக்கு ஓர் உப்பிட்ட இறைச்சித் தொடை போலத் தோன்றியது. கடற்கோட்டை அதன் குதியாயிற்று. ஒரு நாட்டைத் தொலைவிலிருந்து, வரைபடத்தில், மேசையிற் பரிமாறிய பண்டம்போற் காணும் கண் அப்பெயருக்குள் ஒளிந்திருக்கின்றது. நிலத்தைச் சிறிதாக்கிப் பார்ப்பவன் அதனைத் தன் கைக்குள் அடங்கியதாகவே எண்ணத் தொடங்குகின்றான்.

ஒல்லாந்தர் பழைய நாற்கோணக் கோட்டையை நீக்கி ஐங்கோணக் கோட்டையை அமைத்தனர். அதன் உட்பகுதி 1680அளவில் நிறைவெய்தியது. அகழிக்கு அப்பாலுள்ள முன்னரண்களும் சரிவு மேடும் 1792இலேயே முற்றுப்பெற்றன. ஐந்து மூலைகளிலும் ஐந்து கொத்தளங்கள். அவற்றுக்குத் தம் தாயகத்து மாகாணங்களின் பெயர்களையே இட்டனர்: ஹொலாந்து, சீலாந்து, கெல்டர்லாந்து, உட்றெக்ட், பிறீஸ்லாந்து. பனைமரங்களுக்கிடையே ஒரு சிறு நெதர்லாந்து வரையப்பட்டது போலாயிற்று.

இங்கே கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. இத்தகைய கோட்டை, ஒரு சிற்பியின் தனிக் கற்பனையிற் பிறந்ததன்று. நெதர்லாந்திலே சீமோன் ஸ்டெவின் என்னும் கணித அறிஞர் 1594இற் கோட்டையமைப்புப் பற்றி நூல் எழுதினார். 1600இல் லெய்டன் நகரிற் பொறியியலாளரைப் பயிற்றும் பள்ளியொன்று அவர் வகுத்த பாடத்திட்டத்தோடு தொடங்கியது. கொத்தளம் இன்ன கோணம், மதில் இன்ன நீளம், அகழி இன்ன அகலம் என்பவை அங்கே விதிகளாக வகுக்கப்பட்டன. அளக்கும் கோலும் ஒன்றாயிருந்தது. ரைன்லாந்துக் கோல் என்னும் அவ்வளவு ஏறக்குறைய 3.77 மீற்றர். ஆகவே கொத்தளம், மதில், அகழி, முன்னரண், சரிவு மேடு என்னும் உறுப்புகளைக் கற்றவன், காலியிலும் யாழ்ப்பாணத்திலும் நாகபட்டினத்திலும் நிலத்துக்கேற்ப அவற்றை மாற்றி அடுக்கலாம். பொது அளவும், பொருந்தும் விளிம்பும், மாற்றி அடுக்கும் உறுப்பும் என்னும் மூன்று கருத்துகளும் மேசைமேல் வருமுன்னரே மண்ணின்மேல் வந்துவிட்டன.

அக்காலத்திலேயே நிலம் மேசைமேலும் ஏறிற்று. பிரான்சு நாட்டு மன்னன் 14ஆம் லூயியின் போர் அமைச்சர் லூவுவா, 1668இல் எல்லைப்புறக் கோட்டை நகரங்களின் மாதிரியுருக்களைச் செய்விக்கத் தொடங்கினார். மரம், காகிதம், பட்டு, மணல் ஆகியவற்றால் அமைந்த அவ்வுருக்களுக்கு 600இல் ஒன்று என்னும் அளவே பெரும்பாலும் வழங்கியது. ஒரு நகரத்தின் உரு ஓர் அறையையே நிரப்பும். ஆதலின் அதனைப் பல மேசைத் துண்டுகளாகச் செய்து, ஒன்றோடொன்று பொருத்தினர். ஆனால் ஒவ்வொரு துண்டுக்கும் ஓரிடமே உண்டு. மாற்றி வைத்தால் நகரம் கெடும். அவை அரசின் மறைபொருளாகவும் இருந்தன. அனுமதி பெற்றவரன்றிப் பிறர் காணல் இயலாது. 1815இல் நெப்போலியன் வீழ்ந்தபோது பிரசியப் படையினர் அவற்றுட் சிலவற்றைப் பெர்லினுக்கு எடுத்துச் சென்றனர். எஞ்சியவற்றுட் சில பாரிசிலுள்ள இன்வாலீடு மாளிகையில் இன்று பொதுமக்கள் காணும் காட்சிப்பொருள்களாக இருக்கின்றன.

துண்டுகளை மாற்றி அடுக்கும் வழியைக் கண்டவர் யேர்மனியர். 1780இற் பிரவுன்சுவைக் நகரத்து ஆசிரியர் ஹெல்விக், சதுரங்கத்தை விரித்துப் போராட்டம் ஒன்றை வகுத்தார். அவருடைய பலகையிற் கட்டங்களின் நிறமே நிலத்தைக் காட்டும். மலைக்குச் சிவப்பு, சதுப்புக்குப் பச்சை, நீருக்கு நீலம் என அமைந்தது அவ்வாட்டம். சதுரங்கத்துள் நிலம் நுழைந்துவிட்டது. ஆனால் அது இன்னும் எழுந்து நிற்கவில்லை.

எழுந்து நின்ற வரலாறு சுவையானது. 1806இல் நெப்போலியனிடம் தோல்வியுற்ற பிரசிய நாடு, தன் படைக்கல்வியைத் திருத்தும் முயற்சியில் இருந்தது. அந்நாளில் லியோபோல்ட் வொன் ரெய்ஸ்விட்ஸ் என்னும் அரச அலுவலர், கட்டங்களை நீக்கி, பெட்டியிற் பரப்பிய மணலிலே மலையும் பள்ளத்தாக்கும் அமைத்துப் போராட்டம் ஆடினார். 1811இல் இளவரசர்கள் அதனைக் கண்டு தந்தையாகிய மூன்றாம் பிரெடெரிக் வில்லியம் மன்னரிடம் கூறினர். மன்னர் தாமும் காண விரும்பினார். ரெய்ஸ்விட்ஸுக்குத் தயக்கம் உண்டாயிற்று. மணற்பெட்டியை மன்னர் திருமுன் கொண்டு செல்வது தகாதென்று கருதி அவர் தவணை கேட்டார். 1812இல் அவர் கொணர்ந்தது ஒரு பெரிய மேசைப் பெட்டகம். அதன் இழுப்பறைகளிற் பாரிசுச் சாந்தால் வார்த்து வண்ணந்தீட்டிய சதுரத் துண்டுகள் இருந்தன. ஒன்றில் ஆறு, ஒன்றிற் சாலை, ஒன்றிற் சிற்றூர், ஒன்றிற் குன்று. எத்துண்டை எத்துண்டோடு சேர்த்தாலும் ஒரு நாடு தோன்றும். படைப்பிரிவுகளைக் குறிக்கப் பீங்கான் கட்டைகள் இருந்தன. இன்று கடைகளில் விற்கப்படும் பொருந்து நிலங்களுக்கு மூதாதை என்று சொல்லத்தக்கது அப்பெட்டகமே. அது பெர்லினில் உள்ள சார்லொட்டன்பேர்க் அரண்மனையிற் பாதுகாக்கப்பட்டு வருகின்றது.

அரசனுக்கு ஏற்ற அப்பெட்டகம் ஊருக்கு ஏற்றதாகவில்லை. அதன் விலையும் பருமனும் அதனை ஓர் அறைக்குள்ளேயே நிறுத்தின. ரெய்ஸ்விட்ஸின் மகன், படை அலுவலராகிய இளைய ரெய்ஸ்விட்ஸ், 1824இல் வேறுவழி கண்டார். சாந்துத் துண்டுகளை விடுத்து, 8000இல் ஒன்று என்னும் அளவில் அச்சிட்ட வரைபடத்தாள்களை எடுத்தார். ஈயக் கட்டைகளும் பகடையும் இரு தரப்புக்கும் பொதுவான நடுவர் ஒருவரும் அவ்வாட்டத்தில் இடம்பெற்றனர். தாள் மலிவு, மடித்து எடுத்துச் செல்லலாம். பிரசியப் படை முழுவதும் அவ்வாட்டம் பரவியது. 1871இற் பிரசியா பிரான்சை வென்றபின் பிற நாடுகளும் அதனைக் கற்றன. மேசைமேல் எழுந்த குன்று மீண்டும் தாளிலே படுத்துக்கொண்டது.

அது மறுபடி எழுந்தது பிள்ளைகளின் கையால். 18ஆம் நூற்றாண்டிலேயே நியூரம்பேர்க் கைவினைஞர் வெள்ளீயத்தில் தட்டையான படைவீரர்களை வார்த்து விற்றனர். 1893இல் இலண்டனில் வில்லியம் பிரிட்டன் நிறுவனத்தார் உள்ளீடற்ற ஈய வார்ப்பை மேற்கொண்டபின், பொம்மை வீரர்கள் நடுத்தர வீடுகளுக்கும் எட்டும் விலைக்கு வந்தனர். எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1913இல் சிறு போர்கள் பற்றி ஒரு நூல் எழுதி, மரக்கட்டைகளை அடுக்கி வீடும், சுள்ளிகளை நட்டுக் காடும் அமைக்கும் முறையைக் காட்டினார். பொம்மைப் போர் எவ்வளவு நல்லது, மெய்ப்போர் எவ்வளவு பேதைமை என்பதே அவர் சொல்ல விழைந்தது. அடுத்த ஆண்டே முதலாம் உலகப்போர் மூண்டது. ஆட்டம் போரைத் தடுத்துவிடும் என்ற எண்ணத்துக்கு வரலாறு அளித்த விடை அது.

அமெரிக்காவில் இளைய ரெய்ஸ்விட்ஸின் நடுவர் புதிய வேடம் புனைந்தார். 1969இல் டேவிட் வெஸ்லி நடத்திய ஓர் ஆட்டத்தில், ஆடுவோர் ஒவ்வொருவரும் படைக்குப் பதிலாக ஒரு தனி மனிதனாக நின்றனர். அவ்வழியிற் சென்ற டேவ் ஆர்னிசனும், கேரி கைகாக்ஸும் 1974இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் கற்பனை வீர ஆட்டத்தை வெளியிட்டனர். கைகாக்ஸ் வீட்டின் நிலவறையில் மணல்மேசை ஒன்று இருந்தது என்பது அறியப்பட்ட செய்தி. மன்னர் திருமுன் வர நாணிய மணல், 160 ஆண்டுகளின்பின் ஒரு குடியானவன் வீட்டு நிலவறையில் அரசு வீற்றிருந்தது!

அவ்வாட்டத்தின் களங்கள் பாதாள அறைகளும் இடைகழிகளும் ஆதலால், அவற்றைத் துண்டுகளாக வார்த்து விற்கும் வணிகம் பின்னர் எழுந்தது. 1996இல் அமெரிக்காவில் தோன்றிய டுவார்வன் ஃபோர்ஜ் நிறுவனம் அதில் முன்னின்றது. வண்ணந்தீட்டிய பிசின் வார்ப்புகளாகத் தரையும் சுவரும் பெட்டிகளில் விற்பனைக்கு வந்தன. வார்ப்புகளை வாங்க இயலாதோர் அச்சுகளை மட்டும் வாங்கிச் சாந்து கரைத்துத் தாமே வார்த்தனர். இன்று முப்பரிமாண அச்சுப்பொறி வைத்திருப்போர் வரைவுகளை மட்டும் பெற்று வீட்டிலேயே ஆக்கிக்கொள்கின்றனர். வாங்குவோர் முதலிற் கேட்கும் கேள்வி அழகைப் பற்றியதன்று, அளவைப் பற்றியது. இன்று வாங்கும் பெட்டி சென்ற ஆண்டு வாங்கியதோடு பொருந்துமா என்பதே அது. பொது அளவு உண்டாயின் சிறுகச் சிறுகச் சேர்க்கலாம். இல்லையாயின் ஒவ்வொரு பெட்டியும் தனித் தீவாகிவிடும். ரைன்லாந்துக் கோல் யாழ்ப்பாணத்துக் கொத்தனுக்குச் செய்த வேலையை, ஓர் அங்குலக் கட்டம் இவ்வாட்டக்காரருக்குச் செய்கின்றது. அக்கட்டம் 5 அடி நிலத்தைக் குறிக்கும். அஃதாவது 60இல் ஒன்று.

இவ்வளவுகளை ஒருங்கே வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். இளைய ரெய்ஸ்விட்ஸின் வரைபடத்தில், ஓர் ஆளின் உயரம் மில்லிமீற்றரில் ஐந்தில் ஒரு பங்கு, கண்ணுக்குத் தெரியாது. 14ஆம் லூயியின் மாதிரியுருவில் அவன் ஏறக்குறைய 3 மில்லிமீற்றர். கடுகைவிடச் சற்றுப் பெரியவன். கற்பனையாட்டத்தின் மேசையில் அவன் ஏறக்குறைய 28 மில்லிமீற்றர். அவனுக்கு முகம் உண்டு, கையில் விளக்கு உண்டு, பெயரும் உண்டு. அரசர்களின் மேசையிற் கோட்டை தெரிந்தது, மனிதன் மறைந்தான். விளையாடுவோரின் மேசையில் மனிதன் தெரிகின்றான்; ஆனால் அவன் நிற்கும் கோட்டை எந்த ஊரினதும் அன்று. எதனோடும் பொருந்தும் துண்டு, ஓரிடத்துக்கும் உரியதாவதில்லை.

யாழ்ப்பாணக் கோட்டையோ ஓரிடத்துக்கே உரியது. ஒல்லாந்தர் ஒரு நூற்றாண்டுக்கும் மேல் செலவிட்டு முடித்த அவ்வரண், வெளிவேலைகள் நிறைவெய்திய மூன்றாம் ஆண்டில், 1795 செப்டம்பரில், ஆங்கிலேயருக்குப் போரின்றியே கைமாறியது. ஆயின் 1990இல் அதே மதில்கள் மீண்டும் முற்றுகையைக் கண்டன. ஜூன் திங்கள் முதல் செப்டம்பர் வரை, இலங்கைப் படையினர் உள்ளேயும் விடுதலைப் புலிகள் வெளியேயும் நிற்க, சுற்றியிருந்த நகரம் குண்டுகளுக்கு இரையாயிற்று. மக்கள் வீடுகளை விட்டு அகன்றனர். 1658இல் மூன்று திங்களுக்கு மேல். 1990இலும் மூன்று திங்களுக்கு மேல். படைக்கலங்கள் மாறின, அடைபட்டோரின் பசி மாறவில்லை. 1706இற் சிலுவை வடிவிற் கட்டப்பட்ட ஒல்லாந்தத் தேவாலயமும் அப்போர்க்காலத்தில் அழிந்தது. 2009இற் போர் முடிந்தபின், நெதர்லாந்து அரசின் உதவியோடு தொல்பொருளியல் திணைக்களத்தார் மதில்களைச் செப்பனிடலாயினர். விழுந்த கற்களைத் தேடி அடுக்கியபோதும், எல்லாக் கல்லும் எல்லா இடத்திலும் பொருந்திவிடவில்லை. தேவாலயம் நின்ற இடத்தில் இடிபாடுகளே கிடக்கின்றன.

நிலத்தைச் சிறிதாக்கி விளையாடும் கலைக்குத் தமிழிற் பழம்பெயர் ஒன்று உண்டு. அது சிற்றில். சங்கச் செய்யுள்களில் நெய்தல் மணலிற் சிறுமியர் சிற்றில் இழைத்தனர். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் ஒன்று, அச்சிற்றிலைச் சிதைக்க வரும் பிள்ளையை நோக்கிச் சிதைக்காதே என்று சிறுமியர் இரக்கும் பருவம். இலக்கியத்தில் அது இன்பமான பூசல். மணல்வீட்டை இழந்த சிறுமி மறுநாளும் வந்து மணலைக் குவிப்பாள். ரெய்ஸ்விட்ஸ் தம் பெட்டகத்துக்கு அஞ்சி விலக்கிய மணலின் பெருமையும் அதுவே. அதற்கு விலை இல்லை, இழப்பும் இல்லை.

வார்த்தெடுத்த துண்டுகளை வாங்குவோரும் அவ்விழப்பின்மையையே விலைகொடுத்துப் பெறுகின்றனர் எனலாம். ஆட்டம் முடிந்ததும் கோட்டையைப் பிரித்துப் பெட்டியில் இடுவர். ஒரு துண்டும் குறையாது. இறந்த வீரனும் மறுநாள் எழுவான். கடனீரேரிக் கரையிலுள்ள கோட்டையை அவ்வாறு பிரித்து வைத்தல் இயலவில்லை. மாலை வேளையில் அதன் மதில்மேல் இன்று மக்கள் காற்று வாங்கச் செல்கின்றனர். கீழே பண்ணைக் கடல் அசைவற்றுக் கிடக்கின்றது. ஹொலாந்து என்றும் சீலாந்து என்றும் பெயர் பெற்ற கொத்தளங்களின்மேல் பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடுகின்றனர். அகழியின் அருகே ஈரமணல் அகப்பட்டால், அவர்களுள் ஒருவர் குந்தியிருந்து அதனைக் கையாற் குவிக்கத் தொடங்குவதும் உண்டு.